பின்படிக்கட்டில் போகும் சிலுவை

பித்தோம் நகரத்தில் அந்தத் தெருவின் ஏழாம் எண் கட்டடம் தெற்கே சாய்ந்திருந்தது. கீழே நிலக்கரி எடுத்தவர்கள் எடுத்த இடத்தை நிரப்பாமல் போனார்கள். எந்த வீட்டிலும் ஒரு உருளைக்கிழங்கு கை தவறி விழுந்தால் சமையலறை மூலைக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும். மேஜைக் கால்களுக்கு அடியில் மரத்துண்டு வைக்காத வீடு கிடையாது. முகப்பில் ஜன்னல்களுக்கு மேலே சுண்ணத்தில் செய்த பெண் முகங்கள் வரிசையாக இருந்தன. மூன்றாம் மாடியில் இருந்தவளுக்கு மட்டும் மூக்கு இல்லை. முன்படிக்கட்டில் இரும்புக்கொடி வேலைப்பாடும் பச்சை ஓடும் இருந்தன. பின்னால், சமையலறைகளைத் தொட்டுக்கொண்டு, இன்னொரு படிக்கட்டு. அந்தக் காலத்து வேலைக்காரிகள் கரி சுமந்து ஏறிய குறுகலான மரப்படி.

இரண்டாம் மாடியில் இருந்த தெக்லா இந்தக் கட்டடத்திலேயே பிறந்தவள். சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேலை. கணவன் ஃபெலிக்ஸ் டிராம் ஓட்டினான். மாதத்தின் முதல் சனிக்கிழமை பழைய சாமான் சந்தை கூடும். அன்றைக்கு தெக்லா வெறுங்கையோடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. தபால் நிலையத்துக் கண்ணாடி மைக்கூடுகள், ரயில் சாப்பாட்டுப் பெட்டியில் விரித்த மேஜைத் துணி, எலும்புக் கைப்பிடி போட்ட சவரத் தூரிகை, புறாப் பந்தயத்தில் எவனோ வாங்கிய வெள்ளி முலாம் கோப்பை, சிலுவை இல்லாமல் கைகளை மட்டும் விரித்திருந்த ஒரு தகர இயேசு.

"சிலுவைய யார் கொண்டுபோனாங்க?" என்று கேட்டான் ஃபெலிக்ஸ்.

"தெரியாது. இவர் மட்டும் தனியா கெடந்தாரு. பாவமா இருந்துது."

"உனக்கு எதப் பாத்தாலும் பாவமாத்தான் இருக்கும். என்னைப் பாத்து ஒரு நாளாவது இருந்திருக்கா?"

"நீங்க சந்தையிலயா கெடந்தீங்க?"

இந்தச் சாமான்களால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை, ஒன்றைத் தவிர. கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியில் பங்குத்தந்தை வீடு வீடாக மந்திரிக்க வருவார். ஒவ்வொரு வீட்டிலும் வெள்ளைத்துணி விரித்த மேஜை, நிற்கும் சிலுவை, இரண்டு மெழுகுவர்த்தி, தீர்த்தம், தெளிக்க ஒரு தூரிகை தயாராக இருக்க வேண்டும். பதினோரு வீடுகள் உள்ள ஏழாம் எண்ணில் இதெல்லாம் முழுசாக இருந்தது தெக்லாவிடம் மட்டும்தான். அதுவும் சந்தையில் வாங்கியதே. பங்குத்தந்தை ஒரு வீட்டில் ஜெபம் முடித்து, சிலுவையை முத்தமிடக் கொடுத்து, உட்கார்ந்து சௌக்கியம் விசாரிக்கும்போது சிலுவையும் மெழுகுவர்த்தித் தண்டுகளும் சமையலறை வழியாக வெளியேறும். அவர் முன்படியில் ஏறுவதற்குள் அவை பின்படியில் ஏறி அடுத்த வீட்டு மேஜையில் நின்றுவிடும். பதினோரு வீட்டிலும் அதே சிலுவையை முத்தமிடக் கொடுத்துவிட்டு அவர் ஒன்றும் தெரியாதவர்போல இறங்கிப் போவார். ஒரு வருஷம் மட்டும், "இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் ஒரே மாதிரி ரசனை" என்றாராம்.

பதினோரு வீடு என்று சொன்னாலும் பத்துக்குத்தான் அது போகும். நான்காம் மாடியில் இருந்த புருனோன் இருபத்திரண்டு வருஷமாகப் பாதிரியாருக்குக் கதவைத் திறக்கவில்லை.

புருனோன் சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கும் தச்சராக இருந்தவர். அவர் மனைவி மார்த்தா படுக்கையில் கிடந்த ஜனவரியில் கட்டடத்தில் மேஜையில் நிற்கும் சிலுவை ஒன்றுகூட இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் இரவல் வாங்கினார்கள். அது நான்காம் மாடிக்கு வருவதற்குள் அப்போதைய பாதிரியார், வெறும் மேஜையைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று இறங்கிவிட்டார். மார்த்தா ஈஸ்டரைப் பார்க்கவில்லை. வீட்டில் இருந்த ஒரே சுவர்ச் சிலுவையை புருனோன் அவளோடு வைத்து அனுப்பினார். அதற்கடுத்த முதல் சனிக்கிழமையில்தான் தெக்லா சந்தைக்குப் போய் அந்த முழு செட்டை வாங்கினாள். வாங்கியவளுக்கு வாங்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

கட்டடம் சாயச் சாயக் கதவுகள் சிக்கும். ஒரு முறை தெக்லாவின் ஆறு மாதக் குழந்தை உள்ளே, தெக்லா வெளியே, கதவு அசையவில்லை. புருனோன்தான் கீல்களைக் கழற்றி எடுத்தார். அன்றிலிருந்து வசந்தத்தில் ஒரு தடவை, இலையுதிர்காலத்தில் ஒரு தடவை, இழைப்புளியோடு வந்து நிற்பார். கதவின் விளிம்பை இழைத்து, மூடித் திறந்து பார்த்து, போய்விடுவார். அந்தக் குழந்தை வளர்ந்து கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டது. அவர் வருவது நிற்கவில்லை. பணம் வாங்க மாட்டார். கேக்கைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால், "சர்க்கரை இருக்கு" என்பார். சர்க்கரை இல்லை என்பது கட்டடத்துக்கே தெரியும். நன்றி சொன்னால் காது கேட்காதவராகிவிடுவார். இத்தனை வருஷமாக தெக்லாவுக்கு இது தொண்டையில் முள்ளாக இருந்தது.

இந்த ஜனவரியில், மந்திரிப்பு நாள் காலையில், வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவள் படிக்கட்டு கழுவிக்கொண்டிருந்தாள். புருனோன் மேலே இருந்து இறங்கி வந்தார். இரண்டு படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். நிலக்கரித் தூசி அவர் நுரையீரலில் குடியிருந்தது.

"பானி தெக்லா." அந்த ஊரில் மரியாதைக்குப் பெண்ணைப் பானி என்றும் ஆணைப் பான் என்றும் அழைப்பார்கள்.

"சொல்லுங்க பான் புருனோன்."

"அந்தச் சிலுவை, மெழுகுவர்த்தி எல்லாம் இன்னைக்கு எனக்கும் வேணும்."

அவள் ஈரத் துணியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் செருப்பில் சொட்டியது.

"பிப்ரவரில ஆபரேஷன்" என்றார். "டாக்டர் பையன் நல்லா சிரிச்சுச் சிரிச்சுப் பேசறான். அதான் பயமா இருக்கு. மார்த்தா பேர்ல ஒரு ஜெபம் சொல்லிட்டாங்கன்னா போதும். நீங்க எனக்கு வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"நாலாவது மாடிதானே கடைசி. நானே கொண்டு வரேன். முன்னாலயே வந்து மேஜை போட்டுடறேன்."

"மறந்துட மாட்டீங்களே?"

"பான் புருனோன், நான் செத்தாலும் கொண்டு வருவேன்."

"செத்துட்டா நாலு மாடி ஏறறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவர் பால் வாங்கப் போனார்.

மூன்று மணிக்கு செட்டு தரைத்தளத்தில், கிஸேலாவின் மேஜையில் இருந்தது. கிஸேலாவுக்கு வாய் ஓயாது, ஆனால் கை சுத்தம். தெக்லா தன் வீட்டில் துணி விரித்துவிட்டு முறைக்காகக் காத்திருந்தாள். மூன்றேகாலுக்குப் பின்படிக்கட்டின் அடியிலிருந்து கிஸேலாவின் குரல் வந்தது. ரகசியமாகக் கத்துவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"பானி தெக்லா! ரெண்டு பேர்! ரெண்டு பேர் வந்திருக்காங்க!"

"யாரு?"

"பெரிய ஃபாதர் என் வீட்டுல ஜெபம் சொல்லிட்டிருக்காரு. புதுசா வந்த சின்ன ஃபாதர் மேல இருந்து ஆரம்பிக்கிறாராம்! இருட்டறதுக்குள்ள முடிக்கணுமாம்! ஏறிப் போயிட்டாரு!"

"சிலுவைய குடு, சீக்கிரம்!"

"அவர் கையில இருக்கு! பிடுங்கவா முடியும்?"

முன்படிக்கட்டில் காலடிச் சத்தம் தெக்லாவின் வாசலைக் கடந்து மேலே போனது. வேகமான கால். இளவயதுக் கால்.

அவள் யோசிக்கவில்லை. அலமாரியைத் திறந்து ஏப்ரனைத் தூக்கிப் பிடித்து அதில் வாரிப் போட்டாள். மைக்கூடு இரண்டு, சாப்பாட்டுப் பெட்டித் துணி, கோப்பை, சவரத் தூரிகை, தகர இயேசு. பூஜாடிக்குப் பின்னால் ஈஸ்டர் தீர்த்தம் பாதி பாட்டில் இருந்தது. இழுப்பறையில் கரண்ட் போனால் ஏற்றும் மெழுகுவர்த்தி இரண்டு. பின்கதவைத் திறந்தபடி போட்டுவிட்டுப் பின்படியில் ஓடினாள். ஐம்பத்தொன்பது வயதில் அந்தப் படியில் ஓடுவது புத்திசாலித்தனம் இல்லை.

புருனோன் வெள்ளைச் சட்டையும் டையும் கட்டி, வெறும் மேஜைக்கு முன்னால் நின்றிருந்தார். எதிர் வீட்டில் யாரோ மணி அடிப்பது கேட்டது. அங்கே இருந்த மாணவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். அடுத்த மணி இங்கேதான். அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடியும்" என்றார் மெதுவாக.

"ஒண்ணும் மறுபடியும் இல்ல. துணியப் பிடிங்க."

மணி அடித்தது. புருனோன் திறக்கப் போனார். தெக்லா குறுக்கே விழுந்து கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் ஃபாதர்! கதவு சிக்கிடுச்சு! இந்தக் கட்டடமே சாஞ்சிருக்கு, உங்களுக்குத் தெரியுமே!"

புருனோனின் முகம் சிவந்துவிட்டது. "என் கதவு சிக்காது" என்றார், சத்தத்தை அடக்கி. "நாப்பது வருஷத்துல ஒரு நாள் சிக்கினதில்ல."

"இன்னைக்கு ஒரு நாள் சிக்கட்டும்!"

"வெளிய போய் என்ன சொல்லுவாரு? தச்சன் வீட்டுக் கதவு..."

"பான் புருனோன், இவருக்குச் சிலுவை இல்ல. உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

அவர் தகர இயேசுவைக் கையில் வாங்கினார். திருப்பிப் பார்த்தார். பிறகு, இருபது வயது குறைந்தவர்போல, அடுப்பருகே விறகுக் கூடையில் கையை விட்டு இரண்டு சட்டங்களை எடுத்தார்.

"நான் வெளியிலிருந்து தள்ளவா?" என்றது வெளியே ஒரு குரல்.

"வேண்டாம் ஃபாதர்!"

அவர் தள்ளினார். நல்ல மனசுக்காரர். தெக்லாவின் செருப்பு தரையில் ஒரு விரற்கடை நகர்ந்தது. அவள் சுவர் அலமாரியில் காலை உதைத்துக்கொண்டு, முதுகால் கதவைத் தாங்கியபடி, புருனோன் மண்டியிட்டுச் சட்டத்தில் சட்டம் பதித்து ஆணி வைப்பதைப் பார்த்தாள். மூன்று அடி. நான்காவதில் இருமல் வந்தது. இருமலோடேயே ஐந்தாவது அடித்தார். கம்பியால் இயேசுவின் கைகளைக் கட்டினார்.

"என்ன சத்தம் அது?" என்றார் வெளியிலிருந்தவர்.

"கீலைத் தட்டறோம் ஃபாதர்!"

மைக்கூட்டில் மெழுகுவர்த்திகள் கச்சிதமாக நின்றன. கோப்பையில் தீர்த்தம், பக்கத்தில் சவரத் தூரிகை. துணியின் மூலையில் ரயில்வே முத்திரை தெரிந்தது. அதன்மேல் தெக்லா தட்டை வைத்து மறைத்தாள். நிற்கப் பாதமில்லாத சிலுவையை புருனோன் பாலாடைக்கட்டி டப்பாவில் மணல் போட்டு நட்டார். கட்டடத்தோடு சேர்ந்து அதுவும் சாயப் பார்த்தது. ஒரு சிராய்த் துண்டை அடியில் செருகினார். நேராக நின்றது.

"இப்ப" என்றார்.

தெக்லா விலகியதும் கதவு சத்தமே இல்லாமல், எண்ணெய் போட்டதுபோல் திறந்தது. வெளியே மூக்கு சிவந்த ஒரு இளைஞர், தோளில் வெள்ளைப் பட்டை, கையில் சாக்பீஸ். வழுக்கிக்கொண்டு திறந்த கதவை ஒரு கணம் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். கோப்பையில் பொறித்திருந்ததை அவர் கண் படித்தது: வேகப் புறா, இரண்டாம் பரிசு. உதடு துடித்தது. அடக்கிக்கொண்டார்.

"இந்த வீட்டுக்குச் சமாதானம்" என்றார்.

புருனோன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் வார்த்தைகள் போய்விட்டன. அவர் தெக்லாவைத் திரும்பிப் பார்த்த பார்வையை அவள் அதற்கு முன்னால் அந்த முகத்தில் கண்டதில்லை. அவள் பக்கத்தில் வந்து நின்று பதிலைச் சொன்னாள், ஒரு சொல் முன்னதாக. அவர் பின்னாலேயே சொன்னார். அடுத்த வரி. அடுத்த வரி.

பாதியில் கீழே மணி அடித்தது. அவள் வீட்டு மணி. பெரிய ஃபாதர் இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டார். திறக்காத வீட்டை அவர் விட்டுவிட்டுப் போவார். பிறகு அடுத்த ஜனவரிதான்.

இளைஞர் நிறுத்தினார். "கீழே யாரோ..."

"என் வீட்டுக்குத்தான் ஃபாதர். இருக்கட்டும். நீங்க சொல்லுங்க."

மணி இன்னும் இரண்டு தடவை அடித்தது. அவள் அடுத்த வரியைச் சொன்னாள். புருனோன் சொன்னார்.

"யாருக்காக ஜெபிக்கணும்?" என்று கேட்டார் இளைஞர்.

"மார்த்தாவுக்கு" என்றார் புருனோன். அதற்கு உதவி தேவைப்படவில்லை.

சவரத் தூரிகையிலிருந்து தீர்த்தம் தாராளமாகத் தெறித்தது. டை நனைந்தது. இளைஞர் சிலுவையை எடுத்து நீட்டினார். கம்பி கட்டிய கைகளின்மேல் புருனோன் குனிந்து முத்தமிட்டார். பாதிரியார் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "அவங்க எப்படி இருப்பாங்க, உங்க மார்த்தா? சொல்லுங்க" என்றார். புருனோன் சொல்லத் தொடங்கினார். தெக்லா கெட்டிலில் தண்ணீர் வைத்தாள். இருபது நிமிஷம் ஆனது. இறங்கும் அவசரம் யாருக்கும் இல்லை.

வாசலில் அவளை வழியனுப்ப வந்த புருனோன், "பானி தெக்லா" என்றார்.

"சொல்லுங்க."

"உங்க வீட்டுக்கு மணி அடிச்சுதே."

"அடிச்சுது."

அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். மரம் பிடித்த கை, சொரசொரவென்று. இந்த முறை காது கேட்காதவளாக இருப்பது தன் முறை என்று அவளுக்குத் தோன்றியது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கினாள்.

மாடிக்கு மாடி, மந்திரித்த வீட்டுக் கதவுகளில் மூன்று ராஜாக்களின் பெயர் எழுத்தும் புது வருஷமும் சாக்பீஸில் புதிதாக இருந்தன. அவள் கதவில் போன வருஷத்தது பாதி அழிந்து கிடந்தது. அவள் நிற்கவில்லை. செட்டு கடைசியில் கிஸேலாவிடம்தான் திரும்பியிருக்கும், வாங்கி வர வேண்டும். கிஸேலாவின் பின்கதவைத் தட்டினாள்.

கிஸேலா சிலுவையும் தண்டுகளுமாக வந்தாள். "எங்க போனீங்க? மூணு தடவை மணி அடிச்சாரு! பின்கதவு பப்பரப்பான்னு தெறந்து கெடக்கு, ஆள் இல்ல! ஒரு வருஷத்துக்கு உங்க வீட்டுக்கு மந்திரிப்பு இல்ல, தெரியுதா? ஃபெலிக்ஸ் வந்து என்ன சொல்லுவாரு?"

"மேல இருந்தேன்."

"மேல யாரு இருக்கா? பசங்கதான் ஊருக்குப் போயிட்டாங்களே."

"புருனோன் வீட்டுல."

கிஸேலாவின் வாய் மூடியது. அந்தக் கட்டடத்தில் அப்படி அடிக்கடி நடப்பதில்லை.

"தெறந்தாரா?"

"தெறந்தாரு. மார்த்தாவுக்கு ஜெபம் சொன்னாங்க."

கிஸேலா தண்டுகளை அடுப்பு மேடையில் வைத்தாள். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு உள்ளே திரும்பிக் கணவனைக் கூப்பிட்டாள், கூப்பிட்டபடியே தெக்லாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாசல்ல நின்னு சொல்ற விஷயமா இது? உள்ள வாங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க."