ஒரு பேட்டரியில் மாட்டிய ஃபேன்

என் மகள் ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ லாரி கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. அதற்கு இருபத்துநான்கு வோல்ட் வேண்டும். அதனால் பன்னிரண்டு வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்திருக்கிறார்கள். போன மாதம் அது காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தது. மகள் பெல்ட்டைப் பார்த்தாள், ஆல்டர்னேட்டரைப் பார்த்தாள். இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து அளந்தால் சார்ஜ் சரியாகவே ஏறியது. எஞ்சினை ஓடவிட்டு, தனித்தனியாக அளக்கக் குனிந்தபோது ஒன்று வெடித்தது. ஆசிட் அவள் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது.

குழாயடியில் அவள் முகத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். கண்ணுக்குள் ஒரு துளியும் போகவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவள் கையை விட்டேன்.

மறுநாள் அவள் ஒரு ஒயரைத் தூக்கிக் காட்டினாள். "ஏம்மா, ஃபேன ஒரே பேட்டரியிலயா மாட்டி வச்ச?"

"அது பன்னெண்டு வோல்ட் ஃபேன்டி. வண்டிக்குள்ள வேவுதேன்னு மாட்டுனேன்."

ஃபேன் ஒரு பேட்டரியை மட்டும் வற்றவைத்திருக்கிறது. அது ஏற்காத வோல்ட்டேஜும் சேர்ந்து, ஏற்கெனவே நிறைந்திருந்த மற்றதைக் கொதிக்க வைத்து வாயுவைக் கிளப்பியிருக்கிறது; அதுதான் வெடித்தது.

"பிசிக்ஸ் டீச்சரம்மா, இதத்தான எனக்குப் பத்தாங்கிளாஸ்ல நடத்துன?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது அவள் கிளம்பும் முன் இரண்டு பேட்டரியையும் நானே தனித்தனியாக அளக்கிறேன். பிறகு அவள் கண்ணாடி போட்டிருக்கிறாளா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறேன்.