என் இடுப்புக்கு அளந்த சமையல் மேடை

ஆம்பூர்ல எங்க வீட்டு சமையல் ரூமை மாத்தறோம். செலவு கம்மியா முடியணும்னு கிரானைட்டை விட்டுட்டு கடப்பா கல், சிங்க்கும் பழைய இடத்துலயே. பிளான் மொத்தமும் நானே பேப்பர்ல போட்டேன். கொஞ்சம் பெருமையும் இருந்துச்சு.

இன்னைக்குக் காலைல மேஸ்திரி அதைப் பாத்துட்டு, "மேடை உயரம் இன்னா கணக்குல வெச்சீங்க சார்?"ன்னாரு.

"என் இடுப்புக்கு அளந்தேன்."

"சமைக்கிறது நீங்களா?"

அவரே என் மனைவியைக் கூப்பிட்டு, "பழைய மேடைகிட்ட நில்லும்மா, அளந்துக்கிறேன்"னாரு.

அவ வந்தா. மூலைல இருந்த ஒரு பலகையைக் கால்லயே இழுத்துப் போட்டு, அதுமேல ஏறி நின்னா.

"பலகை எதுக்கும்மா?"

"இது இல்லன்னா எட்டாதுண்ணா. கல்யாணமாகி வந்ததுல இருந்தே இப்படித்தான்."

அந்தப் பலகையை நேத்துதான் குப்பைன்னு வெளிய போட்டேன். சத்தமில்லாம திரும்ப எடுத்து வெச்சிருக்கா.

நான் ஷூ கம்பெனில சூப்பர்வைசர். தையல் மெஷின்ல புதுசா யார் உக்காந்தாலும், கை எட்டுதான்னு பாத்து ஸ்டூல் உயரத்தை சரி பண்றது என் வேலை. அங்க ஒருத்தரையும் விட்டதில்ல. என் வீட்ல ஒருத்தி பதினோரு வருஷமா பலகைமேல நின்னு எனக்கு தோசை சுட்டிருக்கா.

மேஸ்திரி நாலு இன்ச் இறக்கி சுவத்துல கோடு போட்டாரு. அதுக்கு ஒரு ரூபாகூட ஜாஸ்தி ஆகல.

உங்க வீட்டு மேடை யாரு உயரத்துக்கு இருக்குன்னு எழுந்து போய்ப் பாக்காம சொல்ல முடிஞ்ச ஆம்பளைங்க கமெண்ட்ல வாங்க. நான் ஓரமா நிக்கிறேன்.