அருள்மேரியின் முருங்கைக்காய்க் கூடை

தாம்பரம் முடிச்சூர் ரோட்டு மெக்கானிக்குகள் எல்லோருக்கும் அருள்மேரியைத் தெரியும். ஆனால் ஒருத்தரும் வெளியே வாயைத் திறக்க மாட்டார்கள். அவள் செய்த வேலை அப்படி. மோட்டார் சைக்கிளில் போல்ட் முறிந்து பாதி உள்ளேயே மாட்டிக்கொண்டால், திருகு மரை கெடாமல் அதை வெளியே எடுப்பவள் அவள். முறித்தது பெரும்பாலும் மெக்கானிக்கேதான். அதை எந்த மெக்கானிக் வண்டிக்காரரிடம் ஒப்புக்கொள்வான்?

அதனால் ஓர் ஏற்பாடு. போல்ட் முறிந்ததும் மெக்கானிக் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "சார், ஒரு டீ சாப்ட்டு வந்துடுங்களேன்" என்பான். சார் தெருமுனை திரும்பியதும் அருள்மேரிக்குச் சேதி போகும். அவள் வயர் கூடையோடு வந்து நிற்பாள். கூடையில் மேலே நாலு முருங்கைக்காய். அடியில் கை டிரில், பஞ்ச், சுத்தி, மெழுகுவர்த்தி, சூடு காட்டச் சின்ன ப்ளோ லேம்ப். சார் டீ குடித்துவிட்டு வருவதற்குள் போல்ட் வெளியே வந்திருக்கும், அவளும் வீட்டுக்குப் போயிருப்பாள். அந்த முருங்கைக்காய்கள்தான் பாவம், வாரம் பூராவும் ஊரைச் சுற்றிவிட்டுச் சனிக்கிழமை சாம்பாரில் விழும்.

இந்த வித்தை அவளுக்குப் பம்மலில் வந்தது. கல்யாணத்துக்கு முன் அங்கே ஒரு தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தாள். உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து மெஷின் போல்ட்டையெல்லாம் அரித்துத் தின்னும், தொட்டால் முறியும். அந்த நாற்றத்தில் குனிந்து உட்கார ஃபிட்டர்களுக்கு மனசு வராது. அருள்மேரிக்கு வந்தது. பத்து வருஷத்தில் எந்த போல்ட் எப்படி வரும் என்று விரலுக்கே தெரிந்துவிட்டது. கல்யாணமாகித் தாம்பரம் வந்த பிறகும் அந்த விரல் சும்மா இருக்கவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஒருநாள் ரத்தினம் என்ற மெக்கானிக்கின் கடையில், முறிந்த போல்ட்டோடு வண்டியை விட்டுவிட்டுப் போனவர் சீக்கிரமே திரும்பி வந்து, "முறிஞ்ச போல்ட்னா ரத்தினம்தான்யா, கை ராசி!" என்று அவன் முதுகில் தட்டினார். ரத்தினமும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். இரண்டடி தள்ளி, நகத்தில் கரியோடு, கூடையைப் பிடித்துக்கொண்டு அருள்மேரி நின்றிருந்தாள். மறுநாள் போய்க் கேட்டே விட்டாள்.

"யாராவது கேட்டா என் பேரைச் சொல்லேன் ரத்தினம்."

"ஐயோ அக்கா, பேஜாராயிடும். நீ யாரு இன்னான்னு கேப்பானுங்க. அப்பறம் எங்க பொழப்பு இன்னா ஆவறது?"

அதோடு பேச்சு நின்றது. அவளுடைய வயிற்றெரிச்சல் நிற்கவில்லை.

எண்பத்தொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரத்தினத்தின் கடைக்கு யக்ஞநாராயணன் என்ற ஆபீசர் புல்லட்டில் வந்தார். இன்ஜினில் ஆயில் கசிகிறதாம். அவர் காலனி சங்கத்துச் செயலாளர். அவர் போகிற கடைக்குத்தான் காலனியே போகும். ரத்தினம் பயபக்தியோடு சைடு மூடியின் முதல் போல்ட்டில் ஸ்பானரை வைத்தான். வைத்ததுதான் தாமதம், போல்ட்டின் மண்டை மட்டும் கையோடு வந்துவிட்டது. சத்தம்கூட இல்லை.

ரத்தினம் அந்த மண்டையை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, மீதி போல்ட்டுகளைக் கழற்றி மூடியை எடுத்தான். பிறகு டீ விஷயத்தை எடுத்தான்.

"நான் டீ சாப்பிடறதில்லப்பா. இங்கேயே உட்கார்றேன்" என்று சார் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார்.

சேதி போய் அருள்மேரியும் வந்து கடைக்கு வெளியே நின்றாள். சார் எழுந்திருக்கவில்லை. அரைமணி ஆயிற்று. "இன்னும் கொஞ்ச நேரம் இரு அக்கா" என்று ரத்தினம் கண்ணால் கெஞ்சினான். வெயில் மண்டையைப் பிளந்தது. ஊரான் மானத்தைக் காப்பாற்ற நான் ஏன் கருவாடாகணும் என்று அவளுக்குச் சுர்ரென்று வந்தது. முருங்கைக்காய்களைத் தூக்கித் தரையில் போட்டாள். சார் பார்க்கப் பார்க்க டிரில்லை எடுத்தாள். ரத்தினம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். இன்றைக்கு முறிந்திருந்தால் முறிந்த இடம் பளபளவென்று இருக்கும். இது பழுப்பேறிக் கிடந்தது. ஓரத்தில் சாம்பல் நிறத்தில் எம்சீல் பசை ஒட்டியிருந்தது. யாரோ எப்போதோ முறித்து, மண்டையை ஒட்டிவைத்து, மேலே கிரீசும் தடவியிருக்கிறார்கள்.

அருள்மேரி நிமிர்ந்தாள். சார் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். ஒட்டியவர் ஏன் டீ குடிக்கப் போகாமல் காவல் இருந்தார் என்பது இப்போது புரிந்தது. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சுற்றிலும் சூடு காட்டினாள். மெழுகை வைத்ததும் அது உருகி மரைக்குள் இறங்கியது. நட்டநடுவில் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி, அதில் சின்னதாக ஓர் ஓட்டை. பழைய அரத்தைத் தேய்த்துச் செய்த கூம்பு ஆணியை அதில் அடித்து, மூச்சைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினாள். 'கிர்' என்றது. அப்புறம் சமர்த்தாகச் சுழன்று வெளியே வந்தது. மரையில் ஒரு கீறல் இல்லை.

சார் மெதுவாகக் கிட்டே வந்தார். "ஏம்மா, இதைப் பார்த்தா... எப்போ உடைஞ்சதுன்னெல்லாம் தெரியுமோ?"

"அக்கா..." என்றான் இந்தப் பக்கம் ரத்தினம். அழாத குறை.

அருள்மேரி இரண்டு பேரையும் பார்த்தாள்.

"யாரு ஒடச்சாங்கன்னு நான் எப்பவும் சொன்னதில்ல, இப்பவும் சொல்ல மாட்டேன். ஆனா யாரு எடுத்தாங்கன்னு நீங்க சொல்லணும்."

இரண்டு பேருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. போல்ட்டை முறித்தவன் தான் அல்ல என்பது ரத்தினத்துக்கு இன்றுவரை தெரியாது.

அந்த நேரம் பார்த்து பீர்க்கன்கரணையிலிருந்து ஓர் ஆள் ராஜ்தூத் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான். "முறிஞ்ச போல்ட்டு எடுக்கறது நீதானாமே, ரத்தினம்?"

ரத்தினம் வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார். "ரத்தினம் இல்லப்பா. இந்தம்மா. பேர் அருள்மேரி."

அருள்மேரிக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பேர். புறங்கையால் துடைத்ததில் கன்னமெல்லாம் கரி. அப்படியே ரத்தினம் பக்கம் திரும்பினாள்.

"ஆமா, அருள்மேரி அக்காதான் எடுப்பாங்க" என்று அவன் தன் சட்டைப் பொத்தானிடம் சொன்னான்.

"சத்தமா சொல்லு ரத்தினம்" என்றாள் அருள்மேரி. "எதிர்க் கடைக்குக் கேக்கல."