மடித்த முனை

திருச்சானூர் லாட்ஜில் அறைகளைக் கூட்டித் துடைக்கும் ஸ்வர்ணலதாவுக்கு அந்தப் புத்தகம் ஒரே ஒரு சொல்லால்தான் கிடைத்தது.

வயதான தம்பதி ஒன்று அறையைக் காலி செய்யும்போது, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அதை விட்டுப் போயிருந்தது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை யாரோ பொறுமையாகக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணியது. மேனேஜர் சிட்டிபாபுவுக்குத் தமிழ் வராது. தங்கியவர் கொடுத்திருந்த நம்பருக்கு அவளையே பேசச் சொன்னார்.

"புஸ்தகமா? அவசரமில்லைம்மா" என்றது ஒரு கிழவரின் குரல். பின்னால் யாரோ டோக்கன் நம்பரைக் கூவினார்கள். லைன் போய்விட்டது.

"ஏமண்டாரு?" என்ன சொல்கிறார் என்று சிட்டிபாபு தெலுங்கில் கேட்டார்.

"அவசரம் லேதண்ட சார்."

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. வேண்டாமாம் என்றுதான் சிட்டிபாபுவின் காதில் விழுந்தது. சொன்ன அவளுக்கும் அப்படியே பட்டுவிட்டது. சத்தியவேட்டில் பிறந்தவளுக்கு இரண்டு பாஷையும் ஒரே நாக்கில்தான் புரளும். எந்த அவசரம் எந்தப் பாஷையில் என்று அவள் நின்று யோசிக்கவில்லை.

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போனாள். நடுவில் ஒரு தாளின் முனை மடிந்திருந்தது. படுக்கை விரிப்புகளோடு பழகிய கை, சுருக்கத்தைப் பார்த்தால் சும்மா இருக்காது. அழுத்தி நீவிவிட்டு, முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். ஏழாவது வரை தமிழ் மீடியம். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் பஸ் போர்டும் மருந்துச் சீட்டும்தான்.

அவளுக்குத் தூக்கம் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மகன் சுதீர் ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து, ஃபேக்டரி பஸ்ஸில் ஏறாமல் பைக்கில் வரும்போது லாரியில் அடிபட்டுப் போனான். அதன் பிறகு, விடியற்காலையில் ஃபேக்டரி பஸ்ஸின் ஹாரன் கேட்கும் ஊரில் அவளால் இருக்க முடியவில்லை. திருச்சானூருக்கு வந்தாள். ஹாரன் போயிற்று, தூக்கம் வரவில்லை.

கதையில் நீரஜா என்றொரு பெண். கப்பலேறிப் போய்த் திரும்பாத அண்ணனைத் தேடி ஊர் ஊராக அலைகிறாள். ஸ்வர்ணலதா எழுத்துக் கூட்டிக் கூட்டி அவள் பின்னால் போனாள். கண் சொருகும் இடத்தில் முனையை மடிப்பாள். மறுநாள் அதை நீவிவிட்டு மேலே படிப்பாள். மகன் போன பிறகு முதல் தடவையாக அவள் கனவில்லாமல் தூங்கினாள்.

ஆஸ்பத்திரியில் பிபி பார்த்த நர்ஸ், பட்டையைக் கழற்றிவிட்டு மறுபடியும் சுற்றிப் பார்த்தாள். "எறங்கிக்கினு வருதே. மாத்திர மாத்திக்கினியா?"

"அதே மாத்திரதாம்மா. கதை படிக்கிறேன்."

"எந்தப் பரீச்சைக்கு?"

"பரீச்சைக்கு இல்ல. சும்மா."

லாட்ஜ் மொட்டை மாடியில், கூட வேலை பார்க்கும் கல்பனாவோடு விரிப்பு மடிக்கும்போது, படித்ததைச் சொல்லுவாள். அண்ணன் கப்பலேறும்போது சட்டைப் பையில் புளியங்காய் வைத்திருந்தான் என்று ஒரு நாள் சொன்னாள். அது புத்தகத்தில் இல்லை. அடிபட்ட அன்று சுதீரின் சட்டைப் பையில் இருந்தது. சொன்ன பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசானது. அது பொய்யா, கதையா என்று அவளுக்கே தெரியவில்லை.

மாசி மாதம் கிழவர் வந்தார். பாஷ்யம் என்று பெயர் சொன்னார். தனியாக வந்திருந்தார்.

"போன்ல பேசினேளே, அந்தப் புஸ்தகம்."

ஸ்வர்ணலதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் எடுத்துவந்தாள்.

"எங்காத்துல இதை எத்தனையாவது தடவையோ படிச்சுண்டிருந்தா. நான் கேலி பண்ணுவேன், ஒரு பக்கம்கூட புரட்டினதில்லை. விட்ட இடத்துல முனையை மடிச்சு வைப்பா. அங்கேர்ந்து மீதியை அவ படத்துக்கு முன்னாடி வாசிக்கலாம்னு வந்தேன்." புரட்டினார். மறுபடி புரட்டினார். "இத்தனை மடிப்பா? இதுல எதும்மா அவளோடது?"

அவள் குனிந்து பார்த்தாள். பாதிப் புத்தகம் தாண்டியும் முனைகளில் கோடுகள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

"நான்தான் சார் நீவி வுட்டுட்டேன். நீங்க வேணாம்னு சொன்னதா நெனச்சிக்கினேன்."

கிழவர் வெகுநேரம் அந்தத் தாள்களையே தடவிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்னு சொல்லலை. அவசரமில்லைன்னேன். அப்போ அவ ஐசியூல இருந்தா. எழுந்துடுவா, சேர்ந்து வந்து வாங்கிக்கலாம்னு நெனச்சேன்."

கதை எப்படி முடிகிறது என்று அவளுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார். அவள் படிக்க இன்னும் நூறு பக்கம் இருந்தது.

மாடியில் கல்பனா காத்திருந்தாள். "இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? சரி, அந்த அண்ணன் கெடச்சானா இல்லியா?"

ஸ்வர்ணலதா விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்தபடி நின்றாள்.

"வந்துக்கினு இருக்கான்" என்றாள்.

"எங்க வந்துக்கினு இருக்கான்?"

"பஸ்ஸு ஏறிட்டான். ஜன்னலோரம் ஒக்காந்துக்கினு இருக்கான். சட்டைப் பையில புளியங்கா கீது."

"கப்பல்ல போனவன் பஸ்லயா வர்றான்?" என்று கல்பனா சிரித்தாள்.

கல்பனாதான் விரிப்பை ஸ்வர்ணலதாவின் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.