காஜா பேராங்கில் என்னை இடிக்க ஆளில்லை

சுதந்திர மாதத்தை முன்னிட்டு, வெங்காயத்தை இனி இணையத்தில் வாங்காமல் நேரில் போய் வாங்குவது என்ற வரலாற்று முடிவை இன்று எடுத்தேன்.

நான் ஆடுவது சக்கர நாற்காலி ரக்பி. நாற்காலியோடு நாற்காலி மோதுவதுதான் ஆட்டம். மலாக்காவில் எங்கள் காஜா பேராங் வட்டாரத்தில் என்னோடு மோதிக்கொண்டிருந்த ஒரே ஆள் மணியம். வேலை கிடைத்து ஜொகூருக்குப் போய்விட்டான்.

அடுத்த மாதம் மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். "வேகம் இருக்கு. ஆனா இடி வாங்கறப்ப கண்ண மூடிக்கிற," என்கிறார் பயிற்சியாளர். பழக்கம் விட்டுப்போய்விட்டது. மலாக்காவில் என்னைக் கண்டால் எல்லாரும் ஒதுங்கி வழிவிடுகிறார்கள்.

சூப்பர்மார்க்கெட்டில் வெங்காயத்தை எட்டுவதற்குள் ஓர் அக்காவின் டிராலி என் சக்கரத்தில் மோதியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஐயோ தம்பி! அடி பட்டுருச்சா?"

"இல்லக்கா. இன்னொரு தடவ இடிக்க முடியுமா?"

"பைத்தியமா உனக்கு?"

விளக்கினேன். அக்கா அக்கம்பக்கம் பார்த்தார்.

"சரி, எங்க வீட்டுக்காரருன்னு நெனச்சுக்கிறேன்."

பின்னால் போய், டிராலியில் இருந்த அரிசி மூட்டையோடு வேகமாக வந்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை.

"இன்னொண்ணு வேணுமா?" என்று அவரே கேட்டார். இந்த ஆண்டில் என்னிடம் யாரும் இவ்வளவு அன்பாகப் பேசியதில்லை.

அதற்குள் மேனேஜர் ஓடிவந்தார். "பாவம்கா, அவரப் போயி!" என்று அக்காவை அனுப்பிவிட்டார்.

மலாக்காவில் யாருக்காவது என்மேல் பழைய கோபம் இருந்தால் இந்தப் பதிவின் கீழே எழுதலாம். டிராலி இருந்தால் நல்லது.

இனி நான் கடைக்கு வந்தால், முன்னால் நடந்து வழி ஒதுக்கித்தர ஓர் ஊழியரை மேனேஜர் நியமித்திருக்கிறார்.