மடவளையில் ஒரு வகுப்பறையை அளந்த கதை

வெள்ளிக்கிழமை, காலை 6.00. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு டிக்கட் ஆயிரத்து இருநூறு ரூபாய். கொண்டக்டர் என் பையை வாங்கி மேல்தட்டில் வைக்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. உள்ளே இருந்தது எங்கள் ஆய்வுகூடத்துக் கதிர்மானி. உள்ளங்கையளவில் ஒரு பளிங்கு, அதோடு இணைத்த ஒரு சின்னக் கணினி. பளிங்கு ஒரு முறை கீழே விழுந்து வெடித்தால் அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டு எடுத்து வந்தவள் நான்.

பக்கத்து இருக்கையில் மாத்தளைக்குப் போகும் ஓர் அம்மா இருந்தார். கிளிநொச்சி வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன பிள்ளை, குழந்தை மாதிரி மடியிலை வைச்சுக்கொண்டு வாறியள்?"

"கதிர்வீச்சு அளக்கிற மெசின் அம்மா."

"அப்ப கவனமாப் பிடியுங்கோ," என்று சொல்லிவிட்டுத் தன் பையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

நான் பரீனாவின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பேராதனையில் படித்த காலத்தில் மூன்று வருடம் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள் நாங்கள். நான் பௌதிக ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அவள் மடவளையில் கலியாணம் முடித்து, வீட்டின் முன்னறையில் ஒரு நர்சரி தொடங்கினாள். இருபத்து மூன்று பிள்ளைகள். நான்கு மாதங்களுக்கு முன் அதில் ஒரு பிள்ளையின் தகப்பன், றியாஸ் என்பவர், இணையத்தில் வாங்கிய சின்ன மீற்றர் ஒன்றைக் கொண்டு வந்து வகுப்பறைக்குள் வைத்துப் பார்த்தார். மீற்றர் கத்தியது. அவர் அதை வீடியோ எடுத்துப் பெற்றோர் குழுவில் போட்டார். வீடு கட்டிய கறுப்புக் கல்லில் விஷக்கதிர் இருக்கிறது என்று ஊர் முழுவதும் பேச்சு. ஒரு மாதத்துக்குள் பத்தொன்பது பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஐந்து மாதக் கர்ப்பிணியாகத் தாய் வீட்டில் இருந்த பரீனாவின் மகள் சுமையாவை, அவளுடைய மாமியார் வந்து அக்குறணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பரீனா அழவில்லை. சுவரிலிருந்து ஒரு துண்டுக் கல்லை உடைத்து எனக்குப் பார்சலில் அனுப்பினாள்.

அந்தக் கல் கடல் தாண்டிப் போனது. இந்தியாவில் முன்பு நான் இரண்டு மாதம் பயிற்சி பெற்ற ஓர் ஆய்வுகூடத்துக்கு அதை அனுப்பிவைத்தேன். அங்கே ஒரு முடுக்கி இருக்கிறது. புரோத்தன்களை வேகப்படுத்தி, மயிரிழை போன்ற கற்றையாக்கி, கல்லின் மீது செலுத்துவார்கள். கல்லில் உள்ள ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளிவிடும். கல்லை அரைக்கவோ கரைக்கவோ தேவையில்லை. அதில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் வந்துவிடும். போன வாரம் பட்டியல் வந்தது. சிலிக்கன், அலுமினியம், பொற்றாசியம், இரும்பு. கதிர் அதிகம் விடும் தோரியமோ யுரேனியமோ கண்ணில் படும் அளவுக்கு இல்லை.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கல்லில் ஒன்றும் இல்லையென்றால் மீற்றர் ஏன் கத்தியது? மலிவு மீற்றர் என்று சொல்லிவிடலாம், ஊர் நம்பாது. நானும் முழுதாக நம்பவில்லை. ஒரு துண்டுக் கல் முழு வீட்டுக்காகவும் பேச முடியாது. நல்ல செய்தி சொல்லத்தான் போகிறேன் என்ற நிச்சயம் இல்லாமலேயே பஸ் ஏறியிருந்தேன்.

பிற்பகல் 2.20. கட்டுகஸ்தோட்டையில் இறங்கினேன். தூறல். மடவளைக்கு ஏழு கிலோமீற்றர். ஓட்டோவுக்கு எண்ணூறு ரூபாய். சாரதி நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர்.

"மடவளையில எங்கங்க மேடம்?"

நர்சரியின் பெயரைச் சொன்னேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அந்த கரண்ட் அடிக்கிற வீடா? வாசல் வரைக்கும் வேணாங்க. ரோட்டுலயே விட்டுர்றேன்."

கரண்ட் இல்லை, கதிர் என்று விளக்க நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன். சொன்னபடியே என்னைத் தெருவில் இறக்கிவிட்டுத்தான் போனார்.

பரீனா குடையோடு வாசலில் நின்றாள். மெலிந்திருந்தாள். முன்னறையில் பிள்ளைகள் உட்காரும் சின்னக் கதிரைகள், சிவப்பும் மஞ்சளுமாக, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிச் சுவரோரம் வைக்கப்பட்டிருந்தன. நான்கு மட்டும் மேசையைச் சுற்றி இருந்தன.

"இந்த நாலு புள்ளைகள்ட உம்மாமாருக்கும் வேல. வேற எடம் கெடச்சா அவங்களும் பெய்த்துருவாங்க," என்றாள். "நாளைக்குக் காலையில பெற்றோர வரச் செல்லீக்கன். றியாஸும் வருவார். அவங்களுக்கு முன்னுக்கு நீயே செல்லு."

"என்னவா இருந்தாலும் சொல்லுவன், பரீனா. எதையும் மறைக்க மாட்டன்."

"அதுக்குத்தானே உன்ன வரச் சென்ன."

சனிக்கிழமை, காலை 7.30. இரவு மழை விட்டிருந்தது. முதலில் தெருவில் அளந்தேன். மணிக்கு 0.17 மைக்ரோசீவேட்; உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு அது. எங்கள் ஊரில் இது 0.06 அளவில்தான் இருக்கும். கண்டி மலைகள் மிகப் பழைய பாறை. அந்தப் பாறையில் இயல்பாகவே கொஞ்சம் கதிர் உண்டு. இந்த மலையில் பிறந்து வளர்ந்த எல்லோரும் அதற்குள்தான் வாழ்கிறார்கள். பயப்பட அதில் ஒன்றுமில்லை.

வகுப்பறைத் தரையில் சோக்குக் கட்டியால் கட்டங்கள் கீறி, ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து நிமிடம் கருவியை வைத்தேன். நடு அறையில் 0.18. ஜன்னலோரம் 0.17. கரும்பலகைக்குக் கீழே 0.18. பரீனா கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் அவளுடைய தோள் கொஞ்சம் இறங்கியது.

பிறகு மூலைக்குப் போனோம். அங்கே ஒரு பழைய மர அலுமாரி. அதன் முன் கட்டத்தில் கருவியை வைத்தேன். 0.4. ஒரு அடி கிட்டக் கொண்டுபோனேன். 0.7.

"றியாஸும் இதிலதான் வெச்சுப் பாத்தார்," என்றாள் பரீனா.

திரையைப் பார்த்தேன். இந்தக் கருவி எண்ணை மட்டும் காட்டுவதில்லை; வரும் கதிர்களைச் சக்தியின்படி பிரித்து ஒரு வரைபடமாகக் கீறும். எந்தப் பொருளிலிருந்து வருகிறது என்பதை அந்த வரைபடத்தின் மேடுகள் சொல்லும். வலது ஓரத்தில், சக்தி மிகக் கூடிய இடத்தில், ஒரு மேடு எழும்பிக்கொண்டிருந்தது. தோரியத்தின் அடையாளம் அது. பட்டியலில் இல்லாத தோரியம்.

"வசந்தி, முகம் ஏன் இப்பிடி ஈக்கி? செல்லு."

"கொஞ்சம் பொறு."

இந்தச் சுவரில் மட்டும் வேறு கல்லோ என்று நினைத்தேன். அப்படியானால் சுவரை உடைக்க வேண்டும். சுமையா இந்த வீட்டில் இருந்த மாதங்களைக் கணக்குப் பார்க்க வேண்டும். கருவியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, அதே சுவரின் மறுபுறத்தில், அலுமாரியிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி வைத்தேன். 0.18. உள்ளே வந்து, அலுமாரிக்கு வலப்பக்கம் வெறும் சுவரில் வைத்தேன். 0.22. திரும்பவும் வரைபடத்தைப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. கல்லில் இயல்பாகவே உள்ள பொற்றாசியத்தின் மேடு எல்லாக் கட்டத்திலும் ஒரே உயரம். கல்லிலிருந்து வருவதென்றால் அதுவும் சேர்ந்து ஏறியிருக்க வேண்டும். இங்கே ஏறியது தோரியம் மட்டும். சுத்தமான, தனித் தோரியம். அப்படி ஒன்று சுவருக்குள் இருக்க வாய்ப்பில்லை.

"அலுமாரிக்குள்ளை என்ன இருக்கு?"

"கலர் பேப்பர், க்ரெயோன், புள்ளைகள்ட ஃபைல்."

"கீழ் லாச்சியிலை?" அடியில் பூட்டியிருந்த இழுப்பறையைக் காட்டிக் கேட்டேன்.

"அது மாமாட பழைய சாமான். சாவி இவர்ட்டத்தான்."

அவளுடைய கணவர் நவ்ஷாத் பஸாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். போன் எடுத்த பத்து நிமிடத்தில் கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். லாச்சி இறுகிப்போயிருந்தது, ஸ்குரூ டிரைவர் கொண்டு நெம்பித் திறந்தார். பூச்சி அரித்த மட்டைப் பெட்டிகள் நான்கு. ஒன்றைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது.

மேன்டில். காற்றடித்து எரிக்கும் மண்ணெண்ணெய் விளக்குக்குள் கட்டும் வெள்ளை வலைப் பை. டசின் டசினாக.

"வாப்பா கடையில வித்தது. கரண்ட் வந்த பொறகு யாரு வாங்குற? வீசவும் மனசு வரல்ல, இங்க கொண்டாந்து பூட்டி வெச்ச," என்றார் நவ்ஷாத். "இதுல என்ன ஈக்கி மிஸ்?"

"தோரியம். விளக்கு வெள்ளையா எரியிறதுக்காக அந்தக் காலத்திலை இதிலை தோய்ச்சிருப்பினம். எல்லா நாட்டிலையும் வித்த சாமான்தான்."

முகக்கவசம் போட்டு, கையுறையோடு பெட்டிகளை இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டினேன். இதில் உண்மையில் கவனிக்க வேண்டியது தூள்தான். உடைந்து பறந்து மூச்சில் போகக் கூடாது. லாச்சியை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையிலேயே போட்டேன். பையை முற்றத்துக் கடைசியில் ஒரு தகர வாளிக்குள் வைத்து மூடினார் நவ்ஷாத். அதைப் பொறுப்பான அரச அலுவலகத்திடம் ஒப்படைக்க ஒரு கடிதமும் எழுதினோம்.

திரும்ப மூலையில் கருவியை வைத்தேன். 0.18.

பரீனா கொப்பியில் எழுதவில்லை. நிலத்தில் அப்படியே உட்கார்ந்து, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். நான்கு மாதமாக அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

காலை 10.30. பதினைந்து பெற்றோர் வந்தார்கள். றியாஸ் கடைசியாக வந்து கதவோரம் நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் அந்த மீற்றர். நடந்ததைச் சொன்னேன். அவர் முற்றத்துக்குப் போய் வாளியின் மேல் மீற்றரை வைத்தார். கத்தியது. உள்ளே வந்து மூலையில் வைத்தார். கத்தவில்லை. மூன்று முறை போய் வந்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

"அப்ப என்ட மீற்றர் பொய் செல்லல்லயே?" என்றார்.

"இல்லை. அது சரியாத்தான் சொன்னது. நீங்கள் ஒரு இடத்திலை மட்டும் வைச்சுப் பாத்திட்டியள். கொஞ்சம் தள்ளி வைச்சிருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

"இவ்வளவு நாளும் புள்ளைகளுக்குப் பட்டது?"

அதற்கும் கணக்குப் பார்த்து வைத்திருந்தேன். வகுப்பு நேரம் முழுவதும் ஒரு பிள்ளை அந்த அலுமாரியில் சாய்ந்தே இருந்திருந்தாலும், கண்டியில் சும்மா ஒரு வருடம் வாழ்வதால் கிடைப்பதில் பாதிகூட வராது. பிள்ளைகளோ நடு அறையில் இருந்தவர்கள். கொப்பியைக் காட்டினேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். "என்ட தங்கச்சி ரத்தப் புற்றுநோயில மவுத்தாப்போனா, மிஸ். பதினாறு வயசு. ஏன் வந்தெண்டு ஒரு டொக்டருக்கும் செல்ல ஏலாமப் போச்சு. அதுக்குப் பொறகுதான் இத வாங்கின. போற எடமெல்லாம் வெச்சுப் பாப்பன். இங்கதான் முதல்ல கத்தின."

பரீனா எழுந்து அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். பெரியவர்களின் கதிரை இல்லை. சிவப்பு நிறத்துச் சின்னக் கதிரை. அவர் அதில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். தேத்தண்ணி வந்தது. அதை வாங்கிக்கொண்டு, "ராத்தா, என்ன மன்னிச்சிக்கோங்க," என்றார் பரீனாவிடம். "வேற வீடியோ ஒன்டு எடுத்துப் போடுறன். வாளியையும் மூலையையும் காட்டி."

பிற்பகல் 4.00. பரீனா போனில் செய்தி சொல்லியிருந்தாள். அக்குறணையிலிருந்து ஓட்டோ ஒன்று வந்து வாசல் வரைக்குமே வந்து நின்றது. சுமையா மெல்ல இறங்கினாள். ஒன்பதாம் மாதம். வகுப்பறைக்குள் வந்து மூலையை ஒரு முறை பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வசந்தி அன்ரி, நான் இங்க இருந்தது?"

"நீ படுத்தது பின்னறை. அங்கையும் அளந்தனான். தெருவிலை இருக்கிற அளவுதான். ஒன்றுமில்லை, பிள்ளை."

அவள் பெருமூச்சு விட்டாள். "உம்மா, பசிக்கிது," என்றாள். பரீனா குசினிக்குள் ஓடிய வேகத்தை நான் விடுதிக் காலத்திலும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை, காலை 9.00. என்னை வழியனுப்பப் பரீனாவும் கண்டிக்கு வந்தாள். பஸ் நேரம் இருந்ததால் ஏரியைச் சுற்றி நடந்தோம். கல்மதிலில் உட்கார்ந்தபோது சும்மா கருவியைப் போட்டுப் பார்த்தேன். 0.21.

"என்ட வகுப்பறைய விடக் கூடவா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். மதிலில் இருந்த காதலர்களைக் காட்டி, "அவங்களையும் எழும்பச் செல்லுவமா?" என்றாள்.

பதினொன்றரைக்குப் பஸ் புறப்பட்டது. இம்முறை பையைத் திறந்து கருவியை இயக்கியபடியே மடியில் வைத்திருந்தேன். மாத்தளை தாண்டியதும் எண் இறங்கத் தொடங்கியது. வவுனியாவுக்கு அப்பால் பாதிக்கு வந்தது. ஆனையிறவில் 0.06. சுண்ணாம்புக் கல்லும் மணலும் உப்புக்காற்றும் உள்ள என் ஊர்ப் பக்கம். கண்டியோடு ஒப்பிட்டால் மூன்றிலொரு பங்கு. போகும்போது, அவர்கள் கூடிய எண்ணுக்குள் வாழ்கிறார்கள், நான் குறைந்த எண்ணுக்குள் வாழ்கிறேன் என்று ஏதோ பாதுகாப்பான இடத்திலிருந்து போகிறவளைப் போல்தான் போயிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. இரண்டு இடத்திலும் மனிதர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அந்த வீட்டை நான்கு மாதம் வெறிச்சோட வைத்தது தோரியமல்ல; யாரும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்காததுதான்.

திங்கட்கிழமை மத்தியானம் பரீனா போன் எடுத்தாள். பின்னணியில் ஒரே இரைச்சல். பதினேழு பிள்ளைகள் வந்துவிட்டார்களாம், றியாஸின் மகளும் சேர்த்து.

"மிச்ச ஆறு பேர்?" என்று கேட்டேன்.

"அவங்களத் தேடி றியாஸ் பெய்த்தீக்கார். மீற்றரையும் கொப்பியையும் எடுத்துக்கிட்டு, வீடு வீடா."