அம்மா ரிவர்ஸ் எடுத்த மதியம்

எங்கள் வீட்டில் காரைப் பின்னால் எடுப்பது பெண்கள் வேலை. வாசல் கூட்டுவது, புடவை மடித்துப் பெட்டி கட்டுவது, தறி ஓட்டுகிறவர்களுக்கு டீ போடுவது என்று ஏற்கெனவே இருந்த வேலைகளோடு இதுவும் ஒன்றாக அம்மாவின் தலையில் வந்து விழுந்திருந்தது.

காரணம் எங்கள் சந்து. இளம்பிள்ளையில் நாங்கள் இருந்த சந்துக்குள் ஒரு கார் நுழையலாம், திரும்ப முடியாது. இரண்டு பக்கமும் தறி ஓடும் வீடுகள். ராத்திரி கடை சாத்திவிட்டு வரும் அப்பா காரை நேராக உள்ளே கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிடுவார். காலையில் அதைச் சந்து முழுக்கப் பின்னாலேயே கொண்டுபோய்க் கடைவீதியில் விட்டாக வேண்டும். அப்பாவுக்கு அது பிடிக்காது. பிடிக்காது என்பதைவிட, அதைக் கௌரவக் குறைச்சலாகவே நினைத்தார் என்று சொல்ல வேண்டும். “நான் எதுக்குப் பின்னால போகோணும்?” என்று கேட்பார். சந்து அதற்கு என்ன பதில் சொல்லும்?

அதனால் அம்மாவைச் சூரமங்கலத்தில் இருந்த ஒரு டிரைவிங் ஸ்கூலுக்கு அனுப்பி லைசென்ஸ் எடுக்க வைத்தார். லைசென்ஸ் வந்ததும் அம்மாவின் எல்லை அந்தச் சந்தோடு வகுக்கப்பட்டது. அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் வண்டியில் உட்காருவாள். தலையைத் திருப்பி ஒரு பார்வை. அவ்வளவுதான். நிறுத்தி வைத்த சைக்கிள், நூல் மூட்டை, படுத்துக் கிடக்கும் நாய், கோலம் போடும் பக்கத்து வீட்டு அக்கா எல்லாவற்றையும் கடந்து வண்டி வழுக்கிக்கொண்டே போகும். ரிவர்ஸ் போட்டால் எங்கள் கார் கீச்சுக்குரலில் ஒரு மெட்டுப் பாடும். அதைக் கேட்டுத்தான் சந்தில் பாதிப்பேர் பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்புவார்கள். கடைவீதி வந்ததும் அம்மா இறங்கிக்கொள்வாள். அப்பா கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஏறுவார். முன்னால் ஓட்டுவது அப்பா, பின்னால் ஓட்டுவது அம்மா என்பதுதான் உலக வழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

கடையில் அப்பாவைப் போலத் தங்கமான மனிதரைப் பார்க்க முடியாது. அலமாரியில் இருக்கும் புடவை மொத்தத்தையும் இறக்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, “மனசுக்குப் புடிக்கலைங்க” என்று எழுந்து போகிறவர்களையும் வாசல்வரை போய் வழியனுப்புவார். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் மனுஷன் வேறு. யாராவது முந்திப் போனால் பரம்பரையையே இழிவுபடுத்திவிட்டதாக எடுத்துக்கொள்வார். பின்னால் இருந்து ஹாரன் அடித்தால் வேண்டுமென்றே மெதுவாகப் போவார். அவர் திட்டித் தீர்க்காத வண்டி சேலம் ரோட்டில் ஓடவில்லை. பக்கத்தில் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு வரும் அம்மா ஏதாவது சொன்னால், “உனக்கு ஒண்ணுந் தெரியாது, பேசாத உக்காரு” என்பார். எனக்கு அதெல்லாம் பெருமையாக இருந்தது. எங்கப்பாவை யாரும் முந்த முடியாது என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வேன்.

அந்த வருடம் அக்கா இரண்டாம் முறையாக நீட் எழுதினாள். முதல் தடவை கொஞ்சத்தில் போய்விட்டது. பிறகு ஒரு வருடம் நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். “கோழியையும் எங்களையும் அந்த ஊர்ல ஒரே மாதிரித்தான் வளர்க்கறாங்க, லைட்டைக்கூட அணைக்க மாட்டேங்கறாங்க” என்று லீவில் வரும்போது சொல்வாள். இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால், அத்தை ராசிபுரத்தில் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிடுவது என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அக்கா அதைக் கேட்டுவிட்டுப் படித்துக்கொண்டே இருந்தாள்.

தேர்வு சேலத்தில், சூரமங்கலம் தாண்டி ஒரு பள்ளியில். ஒன்றரை மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு யார் போய் அழுதாலும் திறக்க மாட்டார்கள். கேட்டுக்கு வெளியே அழும் பெண்ணை ஒவ்வொரு வருடமும் டிவியில் காட்டுவார்கள் என்பதால் அது எனக்கே தெரிந்திருந்தது. அக்கா அரைக்கைச் சட்டையும் செருப்புமாக, தோடு கழற்றிய காதோடு, ஹால் டிக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நேரத்தோடுதான் கிளம்பினோம். பாதி வழியில் ஒரு சிவப்புக் கார் எங்களை உரசுகிற மாதிரி முந்திக்கொண்டு போனது. போயிருக்கட்டுமே. அப்பா விடவில்லை. நாங்கள் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி அதைத் துரத்திக்கொண்டு போனார். கடைசியில் ஒரு சிக்னலில் பிடித்து, கண்ணாடியை இறக்கி, கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார். அந்த ஆள் ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழுந்திருக்காது. சிக்னல் விழுந்ததும் போய்விட்டார். அப்பா ஜெயித்துவிட்ட முகத்தோடு வண்டியைத் திருப்பினார்.

திரும்பி வருவதற்குள் மெயின் ரோடு முழுக்கத் தேர்வுக்குப் போகிற கார்கள் நிரம்பி நின்றன. அப்பா குறுக்கு வழியில் விட்டார். அந்த வழியில் ரயில் பாலத்துக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை உண்டு. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். நுழைகிற இடத்தில் ஒரு வளைவு வேறு. நாங்கள் உள்ளே போய் வளைவைத் தாண்டிய நேரத்தில் எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒரு மினி பஸ்ஸும் நுழைந்துவிட்டது. நட்ட நடுவில் இரண்டும் மூக்கோடு மூக்கு நின்றன.

கொஞ்ச நேரம் இருவரும் ஹாரன் அடித்துக்கொண்டார்கள். சுவர் அதை இரட்டிப்பாக்கிக் கொடுத்தது. பிறகு அப்பா இறங்கினார். சாவியைக்கூட எடுக்கவில்லை. தலையில் துண்டு கட்டிய மினி பஸ் டிரைவரும் இறங்கி வந்தார்.

“நான்தான் மொதல்ல நொழஞ்சேன். நீ பின்னால எடு,” என்றார் அப்பா.

“நானுந்தான் மொதல்ல நொழஞ்சேன். என்ற பின்னால எத்தன வண்டி நிக்குதுன்னு பாருங்க. உங்குளுக்குப் பின்னால ஒண்ணுமே இல்ல. எடுங்க.”

“நான் எதுக்கு எடுக்கோணும்?”

நியாயமாகப் பார்த்தால் அந்த டிரைவர் சொன்னது சரி. எங்களுக்குப் பின்னால் வந்த இரண்டு பைக்கும் வந்த வழியே திரும்பி எப்போதோ போய்விட்டன. ஆனால் விஷயம் அப்போதே நியாயத்தைத் தாண்டிப் போயிருந்தது. அப்பா ஆள்காட்டி விரலை ஆட்டி ஆட்டிப் பேசினார். டிரைவர் துண்டை அவிழ்த்து உதறி மறுபடியும் கட்டினார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்கள்.

அக்கா கண்ணாடியை இறக்கி, “அப்பா, நேரமாச்சுங்கப்பா,” என்றாள்.

அப்பா திரும்பாமலேயே, “இரு சாமி, நாயத்தப் பேசி முடிச்சிட்டு வாரேன்,” என்றார்.

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டாள். சத்தம் வராமல் அழுதாள். ஒரு சொட்டு ஹால் டிக்கெட்டில் இருந்த அவள் போட்டோவின் மேல் விழுந்தது. பதறிப்போய் அதைச் சட்டை ஓரத்தால் ஒற்றி எடுத்தாள். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அம்மா அதைப் பார்த்தாள். பிறகு சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, கியரைத் தாண்டி, அப்பாவின் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

கீச்சுக்குரல் மெட்டு ஆரம்பித்தது.

அம்மா தலையைத் திருப்பினாள். வலது கை ஸ்டியரிங்கில், இடது கை பக்கத்துச் சீட்டின் முதுகில். கார் பின்னால் போகத் தொடங்கியது. மெதுவாக எல்லாம் இல்லை. எங்கள் சந்தில் போவது போலவே போனது. சுவர் இரண்டு பக்கமும் ஒரு முழ தூரத்தில் ஓடியது. வளைவு வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வளைவு எங்களுக்கு முன்னால் இருந்தது. ஒரு கீறல் இல்லை. யாரும் பின்னால் நின்று “வரலாம், வரலாம்” என்று சொல்லவும் இல்லை.

மெட்டைக் கேட்டு அப்பா திரும்பிப் பார்த்தார். விரல் இன்னும் மேலேதான் இருந்தது. எதிராளி அதற்குள் பஸ்ஸில் ஏறிவிட்டார். சண்டை போட அங்கே யாரும் இல்லை, வண்டியும் இல்லை. பஸ் நகர்ந்தது. ஒதுங்கி நிற்கவும் இடம் இல்லாததால் அப்பா அதற்கு முன்னால் நடந்தே வெளியே வர வேண்டியதாயிற்று. தேருக்கு முன்னால் வரும் நாயனக்காரர் மாதிரி நடந்து வந்தார். பஸ்ஸுக்குள் விசில் பறந்தது.

வெளியே ஒரு பெட்டிக்கடை ஓரத்தில் அம்மா காரை ஒதுக்கி நிறுத்தியிருந்தாள். மினி பஸ் எங்களைத் தாண்டும்போது டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டு, “அக்கா, நீங்க நல்லா இருக்கோணும்,” என்றார். பின்னாலேயே வந்த வண்டிகள் ஒவ்வொன்றிலும் யாராவது கையை ஆட்டினார்கள். எதிர்முனையில் ஒரு ஸ்கூட்டர்க்காரர் இறங்கி, மீதி வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார்.

அப்பா டிரைவர் பக்கம் வந்து கதவில் கை வைத்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை.

“அந்தப் பக்கம் வந்து ஏறுங்க. நேரமாச்சு.”

அப்பா கதவிலிருந்து கையை எடுத்தார். பிறகு காரைச் சுற்றிக்கொண்டு வந்து ஏறினார். அந்தப் பக்கத்து பெல்ட் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அக்காதான் எட்டி எடுத்துக் கொடுத்தாள்.

அம்மா முன்னால் ஓட்டி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் ஒரு தடவை வண்டி குலுங்கி நின்றது. அப்புறம் பிடித்துக்கொண்டது பாருங்கள். சுரங்கப்பாதை, மேடு, மார்க்கெட் கூட்டம், குறுக்கே வந்த மாடு எதற்கும் அம்மா அசரவில்லை. அப்பாவின் வலது கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. பள்ளி வாசலை அடைந்தபோது காவலாளி கேட்டின் ஒரு பக்கத்தை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார். அக்கா கதவைத் திறந்து ஓடினாள். ஒரு செருப்பு கழன்றது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். உள்ளே போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் கேட்டைச் சாத்தினார்கள். வெளியே காத்திருந்த யார் யாரோ அப்பாக்களும் அம்மாக்களும் கை தட்டினார்கள்.

நான் காருக்குள்ளேயே குதித்தேன். சேலம் ஜில்லாவையே ஜெயித்த மாதிரி இருந்தது. அன்றைக்கு இருந்த சந்தோஷம் பிறகு எனக்கே கிடைத்த எந்த மார்க்கிலும் இல்லை. அக்கா இப்போது ஆத்தூர் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர். ராசிபுரத்து மாப்பிள்ளையும் எங்கேயோ நன்றாகத்தான் இருக்கிறாராம். விருந்தாளிகள் வந்தால் அப்பா இந்தக் கதையைச் சொல்வார். அவர் சொல்லும்போது, “நாந்தான் சொன்னேன், நீ எடு, நான் இவன்கிட்டப் பேசிக்கறேன்னு,” என்று வரும். அம்மா மறுத்துச் சொல்லாமல் காப்பி ஆற்றிக்கொண்டிருப்பாள்.

அன்று சாயங்காலம் அக்கா சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். அப்பா சாவிக்காகக் கையை நீட்டியபோது அம்மா ஏற்கெனவே ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நீட்டிய கையால் அப்பா மீசையைத் தடவிக்கொண்டு அந்தப் பக்கம் போய் ஏறினார்.

ஊர் வரும் வழியில் ஒரு வெள்ளைக் கார் எங்களுக்குப் பின்னால் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. பிறகு பக்கத்தில் வந்து, அதை ஓட்டியவர் தலையை வெளியே நீட்டி, “ஊட்ல சோறாக்கறதை உட்டுட்டு ரோட்டுக்கு வந்துட்டாளுங்க,” என்று சொல்லிவிட்டு முந்திப் போனார். அப்பா வாயைத் திறப்பார் என்று நான் காத்திருந்தேன். திறந்தது அம்மா. கண்ணாடியை இறக்கினாள். வளர்ந்த ஓர் ஆணை அம்மா அதற்கு முன் ‘நீ’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

“எப்பவும் நீயேதான் முன்னால போகோணுமா? நாங்கெல்லாம் உன்ற பின்னாலயே வந்துக்கிட்டு இருக்கோணுமா? உனக்கு ஒண்ணுந் தெரியாது, உனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு எத்தன வருசமாச் சொல்லுவ? எனக்கு என்ன தெரியும்னு ஒரு நா கேட்டிருக்கியா நீ?”

வெள்ளைக் கார் எப்போதோ கண்ணுக்கு மறைந்துவிட்டது. அம்மா நிறுத்தவில்லை. அடுத்த ஊரின் பஸ் ஸ்டாப்பும் தாண்டிப் போனது. கண்ணில் தண்ணீர் வழிய வழியத் திட்டினாள், ஆனால் வண்டி கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. அப்பா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, நீட்டலாமா வேண்டாமா என்று தெரியாதவர் போல் கையிலேயே வைத்திருந்தார். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அந்தக் கார் முந்திப் போனது இப்போதுதான். அந்த ஆளை அம்மா அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. அவரிடம் போய் எத்தனை வருசமாக என்று கேட்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முன்சீட்டுக்கு நடுவே தலையை நீட்டி அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

“அம்மா வேற யாரையோ நெனச்சுக்கிட்டு அவரத் திட்டறாங்கப்பா.”

“ஆமாஞ் சாமி,” என்றார் அப்பா.

அது யாராக இருக்கும் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.